எல்லார் வீட்டுக்கும் யாரோ வருகிறார்கள்

நூல் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் பதினெட்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். மில்களிலிருந்து வரும் நூலை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எவ்வளவு பலம், எத்தனை முறுக்கு, எங்கே மெலிந்திருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மணிப்பூர்க்காரி. பெங்களூரில் படித்துவிட்டு, டெல்லியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, கோயமுத்தூருக்கு வந்தவள். இருபத்தெட்டு வயது. மேஜையில் என் பக்கத்து இருக்கை.

வந்த மூன்றே மாதத்தில் அவள் தமிழில் ஒரு விஷயத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றோடும் 'ங்க' சேர்க்க வேண்டும். "மெஷின் ரெடிங்க" என்பாள். "மழைங்க" என்பாள். டீக்கடை வாசலில் காலை நக்க வந்த நாயைப் பார்த்து "போங்க, போங்க" என்று அவள் சொன்னதை எங்கள் ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் சொல்லிச் சிரித்தோம். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. மற்றபடி எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேச்சு.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், விடுதியிலிருந்து மாறி ஒரு வீடு பார்க்க வேண்டும் என்றாள். தங்கை நர்சிங் படிக்க இங்கே வருகிறாளாம். இரண்டு பேருக்கு ஒரு படுக்கையறை போதும்.

"நீங்க கூட வர்றீங்களா அக்கா? எனக்குத் தெரிஞ்ச தமிழ் பத்தாது. டெல்லியில வீடு தேடினது நினைச்சாலே பயமா இருக்கு."

"இது டெல்லி இல்ல கண்ணு. நம்மூரு" என்றேன். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் என் கணவருக்கு வேலை டெல்லியில். இரண்டு வருடம் அங்கே இருந்தோம். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எந்தத் தலைமுறையில் இந்தப் பக்கம் வந்தோம் என்பது எங்களுக்கே தெரியாது. கோயமுத்தூரில் அதை யாரும் பொருட்டாகக் கேட்டதில்லை. டெல்லியில் நான் மதராஸி. அதைவிட, நான் கறுப்பு. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மருமகள் கர்ப்பமானபோது, அந்த அம்மா ஒரு காலை மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். குழந்தை பிறக்கும்வரை நான் காலையில் பின்பக்கப் படி வழியாகப் போக வேண்டும், மருமகள் எழுந்ததும் என் முகத்தில் விழித்தால் குழந்தை என்னைப் போலவே கறுப்பாகப் பிறந்துவிடும் என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. ஒளிவுமறைவு கிடையாது. தெருவில் போன காய்கறிக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கும். ஐந்து மாதம் நான் பின்பக்கப் படியில் இறங்கி வேலைக்குப் போனேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லி முடிக்கும்போதெல்லாம் கேட்பவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். "ஐயோ, மூஞ்சிக்கு நேராவேங்ளா? நம்மூர்ல அப்படிச் சொல்ல நாக்கு வருமுங்ளா?" என்பார்கள். வராது என்றுதான் நானும் நம்பினேன்.

முதல் வீடு குனியமுத்தூரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி, மாடி மட்டும் வாடகைக்கு. வாசலிலேயே அந்த அம்மா வரவேற்றார். "வாங்க அம்மணி, உள்ள வாங்க. காப்பி குடிக்கிறீங்ளா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொண்டு வந்து வைத்தார். அவளைப் பார்த்துப் பார்த்து ரசித்தார். "பொம்மையாட்ட இருக்கறீங்க கண்ணு. நேப்பாளமுங்ளா?"

"இந்தியாங்க" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம்.

மாடியைச் சுற்றிக் காட்டினார். சமையலறை ஜன்னலிலிருந்து தூரத்தில் மலை தெரிந்தது. அவள் அந்த ஜன்னலிலேயே நின்றுவிட்டாள். அப்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகத் துணி காயப்போடும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இவங்கெல்லாம் நாய் திம்பாங்களாமுங்களே? எங்கூட்ல நாய் வேற வளக்கறமுங்க."

எனக்கு ஒரு நிமிடம் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை அவர். கண்களில் நிஜமான பயம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நீங்களே பதமா ஏதாச்சும் சொல்லிப்போடுங்க. என்ற மக அமெரிக்காவுல இருந்து வர்றான்னு சொல்லுங்க. பாவம், புள்ள மனசு நோகக் கூடாது."

நான் சொன்னேன். ஜன்னலோரம் நின்றிருந்தவளிடம் போய், இவர்களுடைய மகள் அமெரிக்காவிலிருந்து வருகிறாளாம், அதனால் வீடு தேவைப்படுகிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "மகள் வர்றாங்களா? சந்தோசங்க!" என்றாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மறுத்தது நிஜம், அன்பும் நிஜம்.

இரண்டாவது வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவளுக்கு முன்னாலேயே, முகத்தில் சிரிப்பு குறையாமல், வேகமான தமிழில் என்னிடம் பேசினார். "குடுக்கறதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா இந்த மாதிரிப் புள்ளைக எல்லாம் பார்லர், அது இதுன்னு வேலைக்குப் போகுதுங்க. ஊட்டுக்கு யாரு யாரு வருவாங்கன்னு சொல்ல முடியாதுங்க. குடும்பம் இருக்கற எடமுங்க பாருங்க."

பேசிக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

"அவரோட தம்பி குடும்பம் வருதாம்" என்றேன்.

இப்படி ஐந்து வீடுகள். ஒரு வீட்டில் அத்தை வந்தார், ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது, ஒரு வீட்டில் அதிரசமும். ஒவ்வொரு முறையும் நான்தான் அவர்கள் சொன்னதை மாற்றிச் சொன்னேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். என் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாவது வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள் தங்கைக்குப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "இங்கே ஆட்கள் ரொம்ப நல்லவங்கன்னு சொன்னேன் அக்கா. நம்ம நேரம்தான் சரியில்ல, எந்த வீட்டுக்குப் போனாலும் அன்னைக்குன்னு பார்த்து யாரோ வர்றாங்கன்னு சொன்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டு மாடி காலியானது. அங்கே இருந்த பேங்க் ஊழியருக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றல். அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன அன்று சாயங்காலம் என் கணவர், "போர்டு எழுதி மாட்டிடலாமா?" என்று கேட்டார்.

"போர்டு வேண்டாம். தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லி வைப்போம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீடு இருக்கும் தெரு வழியாகத்தான் அவளுடைய பஸ் போகும். ஆபீசில் அந்த வாரம் முழுக்க மாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனில் வீட்டு விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நூல் அறுந்த இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொன்னது எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். அவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு திங்கட்கிழமை அவள் சிரித்த முகத்தோடு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா! உங்க மாடி காலியாமே? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கொஞ்சமாவது தடுமாறியிருப்பேன். தடுமாறவே இல்லை. என் வாய் தானாகச் சொன்னது, அதுவும் சிரிப்போடு, அதுவும் தமிழில்:

"இல்ல கண்ணு... எங்க வீட்டுக்காரர் அண்ணன் மக இங்க காலேஜ் படிக்க வர்றா. அவளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கு."

சொன்னதும் என் காது அதைக் கேட்டது. குனியமுத்தூர் அம்மாவின் குரல் அது. அதே கனிவு, அதே இழுப்பு. என் கணவருக்கு அண்ணனே கிடையாது. இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை. ஒரு கணக்கை மனதுக்குள் போட்டு முடிக்கிறவள் போல இருந்தாள். குனியமுத்தூர், லேத்காரர், அத்தை, பெயின்ட் எல்லாவற்றையும் அவள் வரிசையாகத் திருப்பிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது.

"எல்லார் வீட்டுக்கும் யாரோ வர்றாங்க, இல்லீங்களா அக்கா?" என்றாள். தமிழில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து அடுத்த நூலை மாட்டினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரியாத்தான சொல்லியிருக்கே?" என்றார்.

"என்ன சரி?"

"அந்தப் புள்ள நல்ல புள்ளைதான். யாரு இல்லேன்னா? ஆனா அவங்க சமைக்கிற கருவாட்டு வாசம் அக்கம்பக்கத்துக்கு ஒத்துவருமா? நாளைக்கு நாலு பேரு கேட்டா நாமதான பதில் சொல்லணும்?"

"டெல்லியில நம்ம சாம்பார் வாசத்துக்கு மூக்கப் பொத்துனாங்களே, மறந்து போச்சா? அஞ்சு மாசம் நான் பின்படியில எறங்குனேன்."

"அது வேற. அந்தம்மா உன்ற மூஞ்சிக்கு நேரா சொன்னா. நாம அப்படியா சொல்றோம்? மரியாதையாத்தான சொல்றோம்?"

அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாக நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள், நாம் சொல்ல மாட்டோம். அதனால் நாம் மேல். டெல்லி வீட்டுக்காரி என்னை அழ வைத்தாள். ஆனால் யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு நாங்கள் அந்தக் கோபத்தைக்கூடக் கொடுக்கவில்லை. அவளுடைய நேரம் சரியில்லை என்று அவளையே நம்ப வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய விடுதிக்குப் போனேன். வரவேற்பறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அண்ணன் மகள் என்று யாருமில்லை, மாடி காலியாகத்தான் இருக்கிறது, அந்த ஐந்து வீடுகளிலும் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும். நாய் விஷயத்தையும் சொன்னேன். லேத்காரர் சொன்னதைச் சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"டெல்லியில ரோட்டுல போகும்போதே கூப்பிடுவாங்க, அசிங்கமா. கல்லு எறிஞ்சிருக்காங்க. பெங்களூர்ல ஒரு தடவ, நீங்கெல்லாம் ஊரைக் காலி பண்ணுங்கன்னு மெசேஜ் வந்து, எங்க பக்கத்து ஆளுக கூட்டம் கூட்டமா ரயில் ஏறுனாங்கன்னு எங்க சீனியர்ஸ் சொல்லுவாங்க. இங்கே வந்த பிறகுதான் நான் நிம்மதியாத் தூங்கினேன். இங்கே வெறுப்பே இல்லன்னு நினைச்சேன். அது எனக்கு மொழி தெரியாததால."

"என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

"நீங்க ஒண்ணு கேட்டதே இல்ல அக்கா. தங்கச்சி ஏன் இவ்வளவு தூரம் படிக்க வர்றான்னு."

உண்மைதான். ஒன்றரை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கேட்டதில்லை.

அவர்கள் ஊரில் மலையில் இருக்கும் கூட்டத்துக்கும் சமவெளியில் இருக்கும் கூட்டத்துக்கும் கலவரம். இவர்கள் மலைக்காரர்கள். வீட்டை எரித்துவிட்டார்கள். தங்கையும் அம்மாவும் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாமில் இருக்கிறார்கள், ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பங்கள். "எரிச்சவங்க யாரோ இல்ல. எங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டவங்களும் அதுல இருந்தாங்க. எங்க ஆட்களும் அந்தப் பக்கம் போய் எரிச்சிருக்காங்க, அதையும் சொல்லணும். சின்ன வயசுல எங்கம்மாவே சமவெளி ஆளுகளப் பத்தி என்னென்னவோ சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டோம்."

விடுதியின் வார்டன் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கலவரத்தை நான் செய்தியில் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு நாள்கூட இவளோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. எரிந்த அந்த வீட்டின் படம் அப்போதே அவள் பெட்டியில் இருந்ததாம், அதே நாட்களில் நாங்கள் அவளுடைய 'ங்க'வைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"மாடிக்கு வந்துடு. நாளைக்கே வா. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் அக்கா. அங்க வந்தா நான் தினமும் என்ன சமைக்கிறேன்னு யோசிச்சுத்தான் சமைக்கணும். நீங்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நல்லவங்களா இருக்க முயற்சி பண்ணணும். ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

வீடு கடைசியில் மதுக்கரையில் கிடைத்தது. அவளே தேடிப்போய்ப் பிடித்தது, என்னை அழைக்கவில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவி இல்லை, கீழே அவர், மேலே இவர்கள். "தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா தானுங்க வரும், பரவால்லீங்ளா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லையாம். தங்கையும் வந்து சேர்ந்தாள். ஆபீசில் எங்களுக்குள் பேச்சு மெல்லத் திரும்பி வந்தது, ஆனால் முன்போல இல்லை. கொஞ்சம் குறைவாகவும் கொஞ்சம் நேராகவும் இருந்தது.

தை மாதத்தில் ஒரு மதியம் சாப்பிட வரச் சொன்னாள். பஸ் ஏறிப் போனேன். மெலிந்த பெண் தங்கை. கதவைப் பலமாகச் சாத்தினால் திடுக்கிட்டாள். சோறும், கீரையும் மீனும் போட்டு வேகவைத்த குழம்பும். வாசம் கடுமையாகத்தான் இருந்தது. இரண்டாவது வாய்க்கு மேல் பழகிவிட்டது. அவள் என் தட்டைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் கீழே தொட்டி மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்திருந்தது. நின்று சொன்னேன். "ரொம்ப நல்ல காரியம் பண்ணுனீங்க. எங்கியும் கெடைக்கலீங்க இவங்களுக்கு. நான்கூடக் குடுக்கலீங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதுல என்னங்க இருக்குது? எங்கியோ மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த புள்ளைக. நம்மூருச் சாதி எதுலியும் சேத்தி இல்லீங்களே. தொந்தரவே இல்லீங்க. நம்மூரு ஆளுகளுக்குன்னாத்தான் பாத்துக் குடுக்கோணும். இந்தப் புள்ளைக வர்றதுக்கு முந்திகூட இங்கிருந்து நாலு தெரு தள்ளி இருக்கறவங்க கேட்டு வந்தாங்க. கவர்மெண்டு வேலை, நல்ல குடும்பம். ஆனா வந்தவங்க அந்தக் காலனித் தெருக்காரங்க. எப்புடீங்க உள்ள உடறது? ஆளு வருதுன்னு சொல்லி அனுப்பிச்சுப்போட்டனுங்க."

மத்தியான வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மாடியில் அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவும் சத்தம், அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம்.

அவர் என்னைப் பிரியமாகப் பார்த்தார். "ஏனுங்க, கேக்க மறந்துபோட்டேன். நீங்க என்ன ஆளுகளுங்க?"

கேள்வி முடிவதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். பெயர் கேட்டால் பெயர் சொல்வது போல, எங்கள் சாதியை, தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்படீங்ளா! சந்தோசமுங்க" என்று அவர் முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க, உக்காந்துட்டுப் போலாம்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது.